போரில் பயங்கரவாதம் எது: ஆளைப் பார்த்தா, செயலைப் பார்த்தா?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தபடி இன்று எல்லோரும் கடந்துபோகும் இந்த மலையிடுக்குதான் ஒருகாலத்தில் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். மலையடியிலிருந்து தெற்கே நீண்ட கோட்டை மதிலும் பீரங்கி மேடைகளும் அதைக் காத்து நின்றன. 1809 பிப்ரவரியில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கணவாய்க்கு வெளியே கூடாரமடித்தது. பிப்ரவரி 10 விடிவதற்குள் மேஜர் வெல்ஷ் தன் ஆட்களோடு தென்புறக் குன்றில் இருட்டில் ஏறி மதிலைப் பிடித்துவிட்டார். அடுத்த சில நாட்களில் நாகர்கோவிலும் உதயகிரியும் பத்மநாபபுரமும் கும்பினி வசமாயின. திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி கும்பினிக்கு எதிராகத் தொடுத்த போர் அத்துடன் முறிந்தது. கும்பினியின் ஆவணங்களில் அது கலகம், சதி, படுகொலை. நம் பாடப்புத்தகங்களில் அது விடுதலைப் போர். வேலுத்தம்பிக்குத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் சிலை இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக இவ்விரண்டு பெயர்களும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுமே ஒரு சம்பவத்தை நேராகப் பார்க்கவிடாமல் தடுக்கின்றன.

அந்தச் சம்பவம் 1808-இன் கடைசி நாட்களில் ஆலப்புழைப் பக்கம் நடந்தது. கொச்சியில் கும்பினியின் ரெசிடெண்ட் மெக்காலேயின் வீட்டைத் தாக்கி அவரைப் பிடிக்க வேலுத்தம்பியும் கொச்சி அமைச்சர் பாலியத்தச்சனும் டிசம்பர் 28 இரவு எடுத்த முயற்சி தோற்றது. மெக்காலே தப்பினார். அதே நாட்களில், 12-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் குறைந்தது முப்பது பேர் ஆலப்புழையில் கரையிறங்கிப் பிடிபட்டார்கள். கொல்லத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த ஹியூம் என்ற ராணுவ மருத்துவரும் உடன் வந்தவர்களும் புறக்காட்டுப் பக்கம் பிடிபட்டார்கள். பிடிபட்ட சிப்பாய்கள் கட்டப்பட்டு, கழுத்தில் கல் சேர்க்கப்பட்டு, பள்ளாத்துருத்திக் காயலில் தள்ளப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மருத்துவரும் கொல்லப்பட்டார். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணி இருந்தார். பெண்ணைக் கொல்வது திருவிதாங்கூர்ச் சட்டத்துக்கு விரோதம் என்று அவரை மட்டும் கொச்சிக்குப் போகவிட்டார்கள். என் வாதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. போர் மூண்ட பிறகும், வெள்ளையர் மீது இருந்த அத்தனை கோபத்துக்கு நடுவிலும், 'இவரைக் கொல்லலாம், இவரைக் கொல்லக் கூடாது' என்ற கோடு அந்த மனிதர்களின் மனத்தில் இருந்தது. 1949-இன் ஜெனீவா உடன்படிக்கைகள் வருவதற்கு நூற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கோடு அது. அதை அவர்கள் பெண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். கையும் காலும் கட்டப்பட்ட சிப்பாயையும் மருத்துவரையும் அதற்குள் கொண்டுவரவில்லை. 'அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கோடு நாம் போட்டதல்ல. அது எதுவரை நீளும் என்பதில்தான் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு.

கும்பினி செய்தது என்ன? மண்ணடியில் ஒரு கோயிலில் ஒளிந்திருந்த வேலுத்தம்பி பிடிபடுமுன் உயிரை விட்டார். உயிரற்ற உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். தம்பி பத்மநாபன்தம்பியை 12-ஆம் படைப்பிரிவின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். தலக்குளத்தில் அவர்கள் வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. குடும்பத்தார் நாடுகடத்தலுக்கு ஆளானார்கள். செத்த உடலைத் தொங்கவிடுவதில் ராணுவ லாபம் ஒன்றும் கிடையாது. போரில் கலந்துகொள்ளாத பெண்டு பிள்ளைகளின் வீட்டை இடிப்பதிலும் கிடையாது. உயிரோடிருப்பவர்கள் பார்த்து நடுங்க வேண்டும் என்பது ஒன்றே அதன் நோக்கம். அன்றைய கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே, தளவாயின் சாவோடு பாதுகாப்புத் தேவை தீர்ந்துவிட்டது, உடலைத் தூக்குமரத்தில் தொங்கவிட்டது மனித உணர்வுக்கும் நாகரிக அரசின் நெறிக்கும் ஒவ்வாதது என்று கண்டித்தார். கும்பினிக்குள்ளேயும் அந்தக் கோடு தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

பயங்கரவாதம் எது என்ற விவாதம் பெரும்பாலும் ஆளைப் பார்த்தே நடக்கிறது. சீருடை போட்டவரா, போடாதவரா? அரசா, கிளர்ச்சியாளரா? நோக்கம் நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்விகளில் எதற்கும் ஊரார் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்கப் போவதில்லை. பதில் கிடைக்கக்கூடிய கேள்வி வேறு: கொல்லப்பட்டவர் அந்தக் கணத்தில் சண்டையில் இருந்தாரா? சண்டையில் இல்லாத ஒருவரை, மற்றவர்களை அச்சுறுத்துவதற்காகத் தெரிந்தே தாக்கினார்களா? இதற்கு ஆம் என்று பதில் வந்தால் அது பயங்கரவாதம். செய்தவர் தளவாயானாலும் கும்பினியானாலும். அச்சுறுத்தும் நோக்கம் நிரூபணமாகாவிட்டாலும் சண்டையில் இல்லாதவரைக் கொன்றது போர்க்குற்றம். ஆலப்புழைக் கொலையை நான் இரண்டாவதில் வைப்பேன்; கைதிகளைக் கொன்றதற்கு மேல் ஊரை நடுங்கவைக்கும் எண்ணம் அதில் இருந்ததற்குச் சான்றில்லை. கண்ணம்மூலைத் தூக்குமரத்தில் ஒரு மக்கள்கூட்டத்தையே நடுங்கவைக்கும் நோக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. கும்பினி எழுதிவைத்த வரலாறு இதை நேர்மாறாகத்தான் சொல்கிறது.

உலக நாடுகள் இந்த இடத்தில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுமாறிக்கொண்டிருக்கின்றன. 1934-இல் மார்செய் நகரில் யுகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உலக நாடுகள் சங்கம் 1937-இல் பயங்கரவாதத்துக்கு எதிராக ஓர் உடன்படிக்கை தயாரித்தது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. அதை உறுதிசெய்த ஒரே நாடு அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. ஏன் என்று ஊகிப்பது கடினமல்ல. ஆட்சிக்கு எதிரான வன்முறையைத் தண்டிப்பதே அந்த உடன்படிக்கையின் குறி. ஆட்சியே நடத்தும் வன்முறையைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. விடுதலை பெற்ற இந்தியா 1996-இல் ஐ.நா.வில் முழுமையான பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை ஒன்றுக்கு வரைவு கொடுத்தது. அதுவும் இன்றுவரை நிறைவேறவில்லை. முட்டுக்கட்டை இரண்டு இடத்தில். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுகிறவர்களை விலக்க வேண்டும் என்பது இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு வைக்கும் கோரிக்கை. போர்க்காலத்தில் அரசுப் படைகள் செய்வதை விலக்க வேண்டும் என்பது மேற்கு நாடுகள் பலவற்றின் கோரிக்கை. இரு தரப்பும் கேட்பது ஒன்றையேதான்: தன் ஆளுக்கு விலக்கு. பேச்சு தேங்கி நிற்பதற்குச் சொற்பஞ்சம் காரணமல்ல. ஆளைப் பார்த்து அளக்கும் பழக்கத்தை யாரும் விடத் தயாரில்லை.

இதற்கிடையில் போர்ச் சட்டம் தன் போக்கில் ஒரு விடையை எட்டியிருக்கிறது. இதைப் பற்றிப் பொதுவெளியில் குறைவாகவே பேசுகிறோம். 1949-இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு, குடிமக்கள் மீதான அச்சுறுத்தல், பயங்கரவாத நடவடிக்கைகள் அனைத்தையும் தடைசெய்கிறது. 1977-இன் கூடுதல் நெறிமுறைகள், குடிமக்களிடையே பீதியைப் பரப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலையும் அதற்கான மிரட்டலையும் தடைசெய்கின்றன. இதை வைத்துத்தான் சராயேவோ நகரை முற்றுகையிட்டுப் பீரங்கியாலும் மறைந்திருந்து சுடுவோராலும் மக்களைத் தாக்கிய போஸ்னிய செர்பியப் படைத்தளபதி காலிச்சை, முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்தது. மேல்முறையீட்டிலும் 2006-இல் அது நிலைத்தது. குற்றம்: குடிமக்கள் மீது பயங்கரத்தை ஏவியது. தண்டனை பெற்றவர் சீருடை அணிந்த ஜெனரல். 1999-இன் பயங்கரவாத நிதி தடுப்பு உடன்படிக்கை இன்னும் தெளிவாக எழுதப்பட்டது. ஆயுதப் போரில் நேரடியாகப் பங்கெடுக்காத யாரையும், மக்களை அச்சுறுத்தவோ அரசைப் பணியவைக்கவோ கொல்வதும் படுகாயப்படுத்துவதும் அதன் கணக்கில் வரும். தாக்கியவர் யார் என்பதை அது கேட்கவில்லை. தாக்கப்பட்டவர் யார், எதற்காக என்று மட்டுமே கேட்கிறது.

இந்த அளவுகோலைத் தமிழருக்கு மிக வலிக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கை 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தற்காலிகம் என்று சொல்லி வந்த சட்டம் 1982-இல் நிரந்தரமானது. காவல்துறை உயர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சி, பதினெட்டு மாதம்வரை வழக்கில்லாத தடுப்புக்காவல் என்று அது தமிழ் இளைஞர்களை ஒட்டுமொத்தமாகச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தது. பெயர் முதலில் ஒட்டப்பட்டது, செயல் பிறகு தேடப்பட்டது. இது ஒரு பக்கம். மறுபக்கம், 1985 மே 14 அன்று அனுராதபுரத்தில் பேருந்து நிலையத்திலும் ஸ்ரீ மகாபோதி வளாகத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களக் குடிமக்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தாலும் தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே சுட்டுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் மணிக்கணக்கில்தான். 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியைத் தகர்த்த லாரிக் குண்டு சுமார் தொண்ணூறு பேரைப் பலிகொண்டது. வங்கி ஊழியர், தெருவில் போனவர்கள், தமிழர்கள்கூட அதில் உண்டு. இவையெல்லாம் பயங்கரவாதம்தான். தமிழில் எழுதுபவர்கள் இதைத் தயங்காமல் எழுத வேண்டும்.

ஆனால் புலிகள் செய்ததெல்லாம் பயங்கரவாதம் என்று சொல்வதையும் இதே அளவுகோல் மறுக்கிறது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது படைக்கும் படைக்கும் நடந்த சண்டை. இலங்கைச் சட்டத்தில் அது தேசத்துரோகமாகலாம், போர்ச் சட்டத்தில் அது சண்டை. 2001 ஜூலை 24 கட்டுநாயக்கத் தாக்குதல் நடுவில் நிற்கிறது. விமானப்படைத் தளமும் அதில் நின்ற போர் விமானங்களும் சட்டப்படி தாக்கக்கூடிய இலக்குகள். அடுத்திருந்த பன்னாட்டு விமான நிலையத்தில் எரிந்த பயணிகள் விமானங்கள் அப்படியல்ல. ஒரே இரவில், ஒரே படையணி செய்த காரியத்தில் இரண்டு கணக்கு. பெயரை முதலில் ஒட்டுகிறவர்களுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படாது. நீதி வழங்க நினைப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

அரசுத் தரப்பையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். வழிபாட்டுத் தலங்களுக்குப் போகச் சொன்னதே ராணுவத்தின் துண்டறிக்கைதான். போர் முடிவுக்கு வந்த 2009-இன் தொடக்க மாதங்களில் அரசு அடுத்தடுத்துத் தாக்குதலற்ற வலயங்களை அறிவித்தது. அந்த வலயங்களுக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டது. உணவும் மருந்தும் தேவையைவிட மிகக் குறைவாகவே போயின. ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் இதையெல்லாம் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று பதிவுசெய்தது. நாற்பதாயிரம் குடிமக்கள்வரை இறந்திருக்கக் கூடும் என்றது. அதே அறிக்கை, புலிகள் மக்களைப் போகவிடாமல் கேடயமாக வைத்திருந்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே கண்டிப்போடு எழுதியது. நம் பக்கத்தில் பலர் அறிக்கையின் ஒரு பாதியைப் படித்தார்கள், கொழும்பில் மறு பாதியைப் படித்தார்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணல்திட்டில் ஒடுங்கிக் கிடந்த மக்கள் இருந்தார்கள். முன்னாலிருந்து எறிகணை, பின்னாலிருந்து துப்பாக்கி. அவர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருந்திருக்க முடியும். இந்த நடவடிக்கையை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயரிட்டு அழைத்தது. மருத்துவமனை மீது விழுந்த எறிகணை பீதியைப் பரப்பவே வீசப்பட்டதா, அலட்சியத்தால் விழுந்ததா என்பது விசாரித்து நிறுவ வேண்டிய கேள்வி. முதலாவதானால் காலிச் வழக்கின் குற்றம், இரண்டாவதானாலும் போர்க்குற்றமாகலாம். எந்த நீதிமன்றத்திலும் அந்த விசாரணை நடக்கவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒடுக்கப்பட்டவர் தரப்பிலிருந்து வருவது. பீரங்கியும் விமானமும் வைத்திருப்பவன் சட்டம் பேசுவான், கையில் ஒன்றுமில்லாதவன் எப்படிப் போராடுவான்? இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. போரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களே பெரும்பாலும் பெரிய படை வைத்திருந்தவர்கள்தான். என்றாலும் ஆரல்வாய்மொழியைப் பாருங்கள். மதிலைக் காத்தது போர். கும்பினி ஆதிக்கத்தை நேருக்கு நேர் எதிர்த்து 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் அறிக்கை விட்டது அரசியல். ரெசிடெண்டைப் பிடிக்க முயன்றதைக்கூட அன்றைய போரின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம். காயலில் மூழ்கடித்த கைதிகளால் கணவாய் ஒரு நாள்கூட அதிகமாகத் தாக்குப்பிடிக்கவில்லை. மாறாக, கும்பினியின் பழிவாங்கலுக்கு அது நியாயம் தந்தது. காத்தான்குடியும் முஸ்லிம்களின் வெளியேற்றமும் தமிழ் பேசும் இரு சமூகங்களுக்கு நடுவே உண்டாக்கிய பிளவு இன்னும் ஆறவில்லை. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு இருக்கும் ஒரே பெரிய பலம் தன் தரப்பு நியாயம். கோட்டைத் தாண்டும்போது அவன் செலவழிப்பது அதைத்தான்.

அரசுத் தரப்பு எதிர்வாதம் வேறு மாதிரி வரும்: மக்களைக் காக்கும் அரசையும் மக்களைத் தாக்கும் குழுவையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? அமைப்புகளை ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. அரசுக்கு வரி வாங்கவும் படை வைக்கவும் உரிமை உண்டு, குழுவுக்கு இல்லை, சரி. தேவாலயத்தின் மேல் குண்டு வீசும் உரிமை இருவருக்கும் இல்லை. ஐரோப்பிய நீதிமன்றங்களில் இதன் மறுபக்கமும் வந்தது. ஆயுதப் போர் நடக்கும் இடத்தில் போர்ச் சட்டம்தான் பொருந்தும், பயங்கரவாதச் சட்டம் பொருந்தாது என்று தடைப்பட்டியல் வழக்கில் புலிகள் தரப்பு வாதிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2014 அக்டோபரில் அதை ஏற்கவில்லை. போர் நடப்பதால் ஒரு செயல் பயங்கரவாதமாகாமல் போய்விடாது என்றது. ஆனால் ஒன்றியம் போதிய ஆதாரத்தைத் தானே பரிசீலிக்காமல் புலிகளைப் பட்டியலில் வைத்திருந்ததற்காக அந்த முடிவையே ரத்துசெய்தது. 2017-இல் ஒன்றியத்தின் மேல் நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. இரண்டு பகுதியுமே எனக்குச் சரியாகப் படுகிறது. போர் என்பது பயங்கரவாதத்துக்கு மறைப்பாகாது. பட்டியல் என்பது ஆதாரத்துக்கு மாற்றாகாது.

செயலை விட்டுவிட்டு நோக்கத்தை மட்டும் பிடித்துத் தொங்கினால் சட்டம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டு தந்திருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்ட வழக்கில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 1998-இல் இருபத்தாறு பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் கொலைக்கும் சதிக்கும் நால்வரின் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தந்து, பத்தொன்பது பேரை விடுவித்தது. அத்தோடு, அரசை அச்சுறுத்திப் பணியவைக்கும் நோக்கம் நிறுவப்படவில்லை, ஆகவே தடா சட்டப்படி இது பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் தீர்ப்பளித்தது. நாட்டையே உலுக்கிய தற்கொலைக் குண்டு பயங்கரவாதம் அல்ல என்றால் கேட்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் 2002-இல் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசிய ஒரு மேடைப் பேச்சுக்காக மதிமுக தலைவர் வைகோவை, தடாவுக்குப் பின் வந்த பொடா சட்டத்தில் பிடித்து ஓராண்டுக்கு மேல் சிறையில் வைக்க அதே நாட்டுச் சட்டம் இடம் தந்தது. பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் எண்ணமில்லாத வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கிச் சொல்லும்வரை. கொலைக்குப் பொருந்தாமல் பேச்சுக்குப் பொருந்துகிற வரையறையில் எங்கோ அடிப்படைப் பிழை இருக்கிறது.

இந்தப் பிழை இன்றும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவின் 15-ஆம் பிரிவில் தொடர்கிறது. உயிர்ச் சேதத்தோடு சொத்துச் சேதத்தையும் அத்தியாவசியப் பொருள் தடைப்படுவதையும் சேர்த்துக்கொண்டு, தாக்கப்பட்டவர் சண்டையில் இருந்தவரா இல்லாதவரா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிமனிதர் பெயரையும் வழக்கு முடியுமுன்பே பட்டியலில் சேர்க்கலாம். இலங்கையில் 1979 சட்டத்தை நீக்குவதாகச் சொல்லி அடுத்தடுத்து வந்த வரைவுகளும் அமைப்பையும் ஆளையும் மையமாக வைத்தே எழுதப்பட்டன. இவ்விரு நாடுகளும் 1999 நிதி தடுப்பு உடன்படிக்கையை ஏற்றவை. அதிலுள்ள வரையறையை இரு நாடுகளும் தம் சட்டத்தில் வைத்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1977 கூடுதல் நெறிமுறைகளில் இரு நாடுகளும் இன்னும் சேரவில்லை. ஐ.நா.வில் முழுமையான உடன்படிக்கை வேண்டும் என்று முப்பதாண்டுகளாகக் கேட்டுவரும் இந்தியா, தன் படைக்கும் பொருந்தும் அந்த நெறிமுறைகளில் முதலில் சேர வேண்டும். தாக்கப்பட்டவரை வைத்து அளக்கும் வரையறையை ஊபாவின் 15-ஆம் பிரிவில் எழுத வேண்டும். முள்ளிவாய்க்காலில் இரு தரப்பும் செய்ததைப் பன்னாட்டு விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று கொழும்பிடம் கேட்கும் தகுதி அதற்குப் பிறகுதான் டெல்லிக்கு வரும்.